வேணும்னேதான் போட்டேன்

என்னை விடுதலை பண்ணிட்டாங்க தம்பி. இதைச் சொன்னா நீங்களும் மத்தவங்க மாதிரி "நல்லதாப் போச்சு பெரியவரே"ன்னு சொல்லுவீங்க. சொல்லாதீங்க. ராஜபாளையம் வரைக்கும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போகணும் நாம. முகத்தைத் திருப்பிக்கிட்டு வர எனக்குக் கழுத்து வலிக்கும்.

பையை மேலே வையுங்க. பஸ்ஸை இப்போதைக்கு எடுக்க மாட்டான். ஆயுத பூசை இல்லையா, டிரைவரும் கண்டக்டரும் சந்தனம் தடவியே பாதி நாளைக் கழிச்சிருவாங்க. பாருங்க, வாழைக்கன்று கட்டுற லட்சணத்தை. கண்ணாடிக்கு நேரே கட்டுறான். வழி தெரிய வேண்டாமா இவனுக்கு? தெரிஞ்சு மட்டும் என்ன செய்யப் போறான்.

என் பேர் கோமதிநாயகம். சைக்கிள்கடை கோமதின்னு கேட்டா எங்க ஊர் தெற்குக் கடைத்தெருவில் நாய்கூட வழிகாட்டும். கடையை மூடி வருஷங்கள் ஆச்சு. அதுக்காக நான் வருத்தப்படலை. இப்போ இருக்கிறவனுங்களுக்குச் சைக்கிள் ஓட்டக் காலும் இல்லை, மூச்சும் இல்லை. ஆனா ஒரு வேலை மட்டும் என் கையை விட்டுப் போகலை. ஆயுத பூசைக்குக் கடைத்தெரு மொத்தத்துக்கும் பொதுவா ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பாங்க. அதை உடைக்கிறவன் நான். மீசை முளைச்ச காலத்திலிருந்து நான்தான். வேற எவனும் அதைத் தொட்டதில்லை.

நீங்க பார்த்திருப்பீங்க. பெரிய வெள்ளைப் பூசணி, மேலே சின்னதா வாய் வெட்டி, உள்ளே குங்குமத்தைக் கரைச்சு ஊத்தி, சில்லறை போட்டு மூடி, உச்சியில் கற்பூரத்தைக் கொளுத்தி என் உள்ளங்கையில் வைப்பாங்க. கடைகளைப் பார்த்து வலப்பக்கமா மூணு சுத்து, இடப்பக்கமா மூணு சுத்து. அப்புறம் முச்சந்தியில் ஒரே போடு. வருஷம் பூரா வியாபாரத்து மேலே விழுந்த கண்ணெல்லாம் அதோட சிதறிப் போகணும். சிதறாம வழுக்கிக்கிட்டு ஓடினா அந்த வருஷம் கடைத்தெருவே விளங்காது.

சும்மா தூக்கிப் போடுறதுன்னு நினைக்காதீங்க. ஒரு வருஷம் மிளகாய் மண்டிக்காரர் பட்டு வேட்டி கட்டி என் பக்கத்திலேயே நின்னார். தள்ளி நிக்கச் சொன்னாங்க. அவர் பாட்டுக்கு நிக்கட்டும்னேன். போட்டேன். நாலே துண்டு, நாலு திசைக்கு. வேட்டியில் ஒரு விதை ஒட்டலை. உள்ளே போட்ட காசு ஒண்ணு உருண்டு, சாக்கடையைத் தாண்டி, படி ஏறி, பிள்ளையார் கோயில் உண்டியலில் விழுந்தது. படி ஏறினதைப் பார்த்தவங்க யாரும் இப்போ உயிரோட இல்லை. அதனால நான் சொல்றதைத்தான் நீங்க நம்பியாகணும்.

இன்னொரு வருஷம் அரிசிக்கடைக் கல்லாவில் கைவச்சுட்டு ஒருத்தன் ஓடினான். நான் அப்போதான் கையை ஓங்கியிருந்தேன். ஒரு துண்டு போய் அவன் பாதத்துக்கு அடியில் நின்னது, ஆள் மல்லாந்துட்டான். வந்த ஏட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், "கோமதி, குறி வச்சுத்தான்யா போட்டிருக்கீரு." அது போலீஸ். ஒருத்தன் கையைப் பார்த்தே அவன் மனசில் என்ன இருந்ததுன்னு சொல்லிட்டார். இப்போ இருக்கிறவங்களுக்கு எல்லாத்துக்கும் போட்டோ வேணும், சாட்சி வேணும், வக்கீல் வேணும். அத்தனையையும் வச்சுக்கிட்டு தப்பா முடிவு பண்ணுவாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன்.

எங்க தெருவில் பாத்திரக்கடை தங்கமாரியப்பன்னு ஒருத்தன். அவன் அப்பா என்கிட்ட வாடகை சைக்கிள் எடுத்து ஊர் ஊராப் போய் அலுமினியச் சட்டி வித்தவர். நல்ல மனுஷர், தினமும் பெல்லை உடைச்சுக்கிட்டு வருவாரே தவிர நல்லவர். மகன் கடையைப் பெரிசாக்கி, மாடி எடுத்து, போன வருஷம் ஒரு கார் வாங்கினான். வெள்ளைக் கார். வாங்கினவன் அதைத் தலையில் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியட்டும், எனக்கென்ன? ஆனா அதை எங்கே நிறுத்தினான் தெரியுமா? முச்சந்தியில். நான் பூசணி உடைக்கிற இடத்தில். அதுவும் ஆயுத பூசை அன்னைக்கு, மாலை போட்டு, பொட்டு வச்சு, மாப்பிள்ளையை மணையில் உட்கார்த்தின மாதிரி.

எடுக்கச் சொன்னேன். நேரே போய்ச் சொல்ல நான் என்ன அவன் கடைச் சிப்பந்தியா? பூ விக்கிற மாடத்திகிட்ட, அவன் காதில் விழுற மாதிரி சொன்னேன். அவன் வந்தான். கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான், பணிவாம்.

"கூட்டத்துல இப்ப வண்டிய எடுக்க முடியலை அண்ணாச்சி. சித்த தள்ளிப் போட்டு உடைச்சிருங்களேன்" அப்படின்னான்.

சித்த தள்ளி. கேட்டீங்களா? கோபுரத்தைச் சித்த தள்ளி வைக்கச் சொல்லுவானா? அந்த இடத்தில் எத்தனை வருஷத்துக் குங்குமம் இறங்கியிருக்கு. அந்த நிமிஷமே மனசில் முடிவு பண்ணிட்டேன். இது முக்கியம் தம்பி, இதைக் கவனிங்க. அந்த நிமிஷமே. இதுக்குப் பேர்தான் உள்நோக்கம். இந்த வார்த்தையை அப்புறம் வக்கீல்தான் சொல்லிக்கொடுத்தார், ஆனா சரக்கு அதுக்கு முன்னாலேயே என்கிட்ட இருந்தது.

அன்னைக்குப் பூசணி பெரிசு. இருபது கிலோ இருக்கும். முப்பதுகூட இருக்கும். கற்பூரத்தை வேற எந்த மடையனோ ஒரு கட்டியா அள்ளி வச்சுட்டான். உருகி ஓரமா வழிஞ்சு என் விரல்மேலே எரியுது. நான் அசையலை. வலப்பக்கம் மூணு சுத்து சுத்தினேன். இடப்பக்கம் ரெண்டு சுத்தினேன். மூணாவது தேவைப்படலை. கார் எனக்கு நேரே இருந்தது. கண்ணாடியைக் குறி வச்சேன். போட்டேன்.

முன்கண்ணாடி மொத்தமும் போச்சு. குங்குமத் தண்ணி சீட்டெல்லாம் வழியுது. கூட்டம் வாயைப் பிளந்து நிக்குது. நான் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துட்டேன். ஏன்னு கேளுங்க. ஒரு காரியத்தை முடிச்சவன் அதை நிதானமா உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

அந்த மாரியப்பன் என்ன செய்தான் தெரியுமா? காரைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. நேரே என்கிட்டே ஓடி வந்து, என் அக்குளில் கையைக் கொடுத்துப் பிடிச்சுக்கிட்டான். தப்பிச்சு ஓடிருவேன்னு பயம். நான் ஓடுற ஆளா? விடுடாங்கிறேன், விடலை. கடைக்குள்ளே கொண்டுபோய் மின்விசிறிக்கு அடியில் உட்கார வச்சு, சோடா உடைச்சுக் கொடுத்து, விரலுக்கு மருந்து தடவி, போலீஸ் வர்ற வரைக்கும் நகர விடலை. நானும் எத்தனையோ தந்திரக்காரனைப் பார்த்திருக்கேன், இவன் மாதிரி பார்க்கலை.

போலீஸை அவன் கூப்பிடலைன்னு ஊரில் சொல்றாங்க. இன்சூரன்ஸ்காரன் போனிலேயே, போலீஸில் எழுதிக் கொடுத்தாத்தான் கண்ணாடிக்குப் பணம் தருவேன்னானாம், அதனால போய் எழுதிக் கொடுத்தானாம். வந்த எஸ்.ஐ. புதுசு. பூசணியைப் போட்டது யாருன்னு கேட்டான். நான் எழுந்து நின்னேன். வேணும்னே பிறத்தியான் சொத்தைச் சேதப்படுத்தினதுன்னு வழக்கு போட்டான். அந்த ஆள் ஒருத்தனுக்குத்தான் இந்த விவகாரத்தில் கொஞ்சம் மூளை வேலை செய்தது. அவனையும் மாத்திட்டாங்க.

என் மகள் சண்முகவடிவு, அவளைப் பார்க்கத்தான் இப்போ போறேன், அழுதுக்கிட்டே வந்து ஒரு வக்கீலைப் பிடிச்சா. பூரணலிங்கம்னு பேர். அந்த ஆளுக்கு என் கதையைக் கேட்க நேரமே இல்லை. விரலை நீட்டிச் சொன்னார், "அய்யா, இந்தக் குற்றத்துக்கு ரெண்டு விஷயம் வேணும். பொருள் உடையணும், உடைக்கணும்கிற எண்ணமோ, உடையும்கிற நினைப்போ மனசுல இருக்கணும். பொருள் உடைஞ்சது. அதை மறைக்க முடியாது. எண்ணம் இல்லைன்னு காட்டிட்டா நீங்க வெளியே."

எண்ணம் இல்லைன்னா நான் எதுக்குய்யா அதைப் போட்டேன்னு கேட்டேன். "கை நழுவிருச்சு" அப்படின்னார்.

என் கை. நழுவிருச்சு. வக்கீல் ஆபீஸ்னு பார்த்தேன், இல்லைன்னா அங்கேயே எண்ணத்தைக் காட்டியிருப்பேன்.

யோசிச்சுப் பாருங்க தம்பி. நான் ஜெயிலுக்குப் போனா ஊர் என்ன சொல்லும்? கோமதி கோவக்காரன், குறி வச்சு அடிச்சுட்டான், உள்ளே போயிட்டான்னு சொல்லும். வெளியே வந்ததும் அடுத்த பூசணிக்கு என்னைத்தான் கூப்பிடும், கொஞ்சம் பயத்தோட கூப்பிடும். கை நழுவினவன்னு ஆயிட்டா? அப்புறம் எவன் என் கையில் பூசணியை வைப்பான்? தேங்காயைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டான். ஜெயில் கொஞ்ச நாளில் முடிஞ்சுபோற சங்கதி. இது அப்படியா?

இடையில் மாரியப்பன் சமரசத்துக்கு வந்தான். இன்சூரன்ஸில் பணம் வந்துருச்சு, வழக்கை முடிச்சுக்கலாம் அண்ணாச்சி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதும்னு சொன்னான். வாசிக்கச் சொன்னேன். "கைத்தவறுதலாக"ன்னு ஒரு வார்த்தை வந்தது. அதை அடிச்சுட்டு "வேண்டுமென்றே"ன்னு எழுது, போடுறேன்னேன். அப்படி எழுதினா அது சமரசம் ஆகாதுன்னு வக்கீல் தலையில் கைவச்சுக்கிட்டார். ஆகாட்டிப் போகுது. கோர்ட்டுக்கே போவோம்னேன்.

கோர்ட்டைப் பத்தி என்ன சொல்ல. வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தீங்கன்னா சிரிப்பு வரும். எல்லாம் நான் செய்யலை, நான் செய்யலைன்னு சொல்ல வந்த பயல்கள். செய்தேன்னு சொல்ல வந்தவன் நான் ஒருத்தன்தான். முதல் நாளே குற்றத்தை ஒத்துக்கிறியான்னு கேட்டாங்க. நான் தொண்டையைக் கனைக்கிறதுக்குள்ளே அந்தப் பூரணலிங்கம் என் காலை மிதிச்சு, "இல்லை"ன்னு அவரே சொல்லிட்டார்.

சாட்சி சொல்ல மாடத்தி வந்தா. தாத்தா கை நடுங்கிச்சு, கற்பூரம் சுட்டுச்சு, காய் வழுக்கிருச்சுன்னு சொன்னா. தினமும் என் கண் முன்னாலே முழத்தைக் குறைச்சு அளந்து பூ விக்கிறவ. அவ என் கையை அளக்குறா.

அடுத்தது மாரியப்பன் கூண்டில் ஏறினான். அவன்தான் புகார்தாரர், அவனாவது எனக்கு விரோதமாச் சொல்லணும் இல்லையா? அரசாங்க வக்கீல் கேட்கிறார், முன்விரோதம் உண்டான்னு. இல்லைங்கிறான். கார் நிறுத்தினதில் சண்டை உண்டான்னு கேட்கிறார். இல்லைங்கிறான். கடைசியா, பூசணி விழுந்ததும் எதிரி என்ன செய்தார்னு கேட்டார். கோர்ட்டில் எதிரின்னா நான்தான்.

"அண்ணாச்சி 'ஐயோ'ன்னு சொன்னாங்க சார். சொல்லிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. எனக்குப் பயமாப் போச்சு. அவங்க முகத்துல ரத்தமே இல்லை."

என் வக்கீல் அந்த ஒரு 'ஐயோ'வைப் பிடிச்சுக்கிட்டு ஆடினார் பாருங்க. வேணும்னு அடிக்கிறவன் ஐயோன்னு சொல்லுவானா, கனம் நீதிபதி அவர்களேன்னு. நான் ஐயோன்னு சொன்னேன்தான். யாருக்காகச் சொன்னேன்? அவன் காருக்காக. அடிச்சவனுக்கு இரக்கம் இருக்கக் கூடாதா? இதை எழுந்து சொல்லப் போனேன், உட்காருங்கன்னுட்டாங்க.

கடைசியில் என் முறை வந்தது. நீதிபதி ஒரு பெண். என் பேத்தி வயசு இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "பெரியவரே, நீங்களே சொல்லுங்க. வேணும்னு போட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாம்மா. வேணும்னேதான் போட்டேன்."

பூரணலிங்கம் மேசையில் தலையைச் சாய்ச்சுட்டார்.

"எதைக் குறி வச்சீங்க?"

"முன்கண்ணாடியை."

"ஆனா காய் முதல்ல முன்பக்க விளக்குல பட்டு எகிறித்தான் கண்ணாடில விழுந்திருக்கு. போட்டோவுல தெரியுது."

"விளக்கையும் சேர்த்துத்தாம்மா குறி வச்சேன்."

சிரிக்கிறாங்க எல்லாரும். பேரைக் கூப்பிடுற டவாலி கூடச் சிரிக்கிறான். அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கலை. "கார் என்ன நிறம்?"னு கேட்டுச்சு.

இது ஒரு கேள்வியா? வெள்ளைன்னேன்.

சாம்பல் நிறமாம். நீங்களே சொல்லுங்க தம்பி, எவனாவது அத்தனை காசைக் கொட்டி சாம்பல் நிறத்தில் ஒரு பொருளை வாங்குவானா? வெயிலில் பார்த்தா வெள்ளைதான். அவன் ரசனை கெட்டவன்னா அது என் கண்ணோட குத்தமா? அந்தக் காலத்தில் பக்கத்தில் நின்ன மிளகாய் மண்டிக்காரரோட வேட்டி என்ன நிறம்னு கேட்டிருந்தா அப்படியே சொல்லியிருப்பேன். அதைக் கேட்கலை.

"நீங்க ஒத்துக்கிட்டது மட்டும் போதாது பெரியவரே, சாட்சியமும் அதை ஒத்துக்கணும்"னு அந்தப் பொண்ணு மெதுவாத்தான் சொல்லுச்சு. தீர்ப்பை வாசிச்சாங்க. சம்பவத்தின்போது எதிரிக்குக் குற்ற எண்ணம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, முதுமை காரணமாகக் கைநடுக்கத்தால் நேர்ந்த விபத்து எனக் கருத இடமிருக்கிறது, சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. எதிரி. அந்தத் தீர்ப்பு முழுக்க எனக்குப் பிடிச்சது அந்த ஒரு வார்த்தைதான்.

என் மகள் ஓடி வந்து கட்டிக்கிட்டு அழுதா. பூரணலிங்கம் கையைக் கொடுத்தார். மாரியப்பன் வாசலில் கார் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, வீட்டில் இறக்கி விடுறேன்னு நிக்கிறான். அதே கார். புதுக் கண்ணாடி. நடந்தே போனேன். பாதி வழியில் வெயில் கொஞ்சம் அதிகமா இருந்தது, ஒரு கடை வாசலில் உட்கார்ந்தேன். அவன் பின்னாலேயே ஊர்ந்து வந்து எதிரே வண்டியை நிறுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கான். வேவு பார்க்கிறானாம். நான் எழுந்தா அவனும் எடுக்கிறான், நான் உட்கார்ந்தா அவனும் நிறுத்துறான். வீடு வரைக்கும் விடலை.

இந்த வருஷம் என்ன ஆச்சு தெரியுமா? வியாபாரிகள் சங்கத்தில் கூடிப் பேசி, பொதுப் பூசணி இனி வேண்டாம், அவங்கவங்க கடை வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. பைக்கில் போறவன் பூசணித் துண்டில் வழுக்கி விழுறானாம். இத்தனை வருஷம் விழாத பைக். வேற ஆளை வச்சு உடைச்சிருந்தாலாவது எவன்டா அவன்னு போய்ச் சண்டை போட்டிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டாங்க. எலுமிச்சம்பழம். காலால் நசுக்கினா அது பூசையா?

நேத்து அந்த மாரியப்பன் வீட்டுக்கு வந்தான். கையில் பூசணிக்காய். சின்னக் காய், ஒரு கையில் அடங்குற மாதிரி பொறுக்கி எடுத்துட்டு வந்திருக்கான். நின்னுக்கிட்டே பேசினான்.

"சங்கத்துல சொன்னது சங்கத்துக்கு. எங்க கடைக்கு நீங்கதான் வந்து உடைக்கணும் அண்ணாச்சி. வண்டிய நான் அடுத்த தெருவுல நிறுத்திருதேன். முச்சந்தி உங்களுக்கு மொத்தமா ஒழிஞ்சு கிடக்கும்."

போன வருஷம் இதைச் சொல்லியிருந்தா இந்தக் கோர்ட்டு, வக்கீல், ஒண்ணும் வந்திருக்காது. இப்போ வந்து சொல்றான். கார் மேலே விழுந்துருமோன்னு ஒளிச்சு வைக்கிறவன், என்னை நம்பியா கூப்பிடுறான்? "காரை எடுத்துட்டா நான் எதுக்குடா வரணும்?"னு கேட்டேன். காயை வாசலில் வச்சுட்டுப் போயிட்டான். இன்னைக்குக் காலையில் அதைத் தாண்டித்தான் பஸ் ஏற வந்தேன். மத்தியானம் அவன் கடை வாசலில் எல்லாரும் காத்துக்கிட்டு நிப்பாங்க. நிக்கட்டும்.

இருங்க, கண்டக்டர் எதுக்கு இந்தப் பக்கம் வர்றான்? டிக்கெட் எடுத்தாச்சே. கையில் என்ன அது, பூசணிக்காயா?

என்னப்பா? நானா? பஸ்ஸில் மூத்தவன் நான்தான்னு உனக்கு யார் சொன்னது? அதோ கடைசி சீட்டில் ஒரு கிழவர் தூங்குறார், அவரை எழுப்பு. இல்லைப்பா, எனக்கு ஆகாது. தீட்டு. சித்தி மகன் தவறிட்டான், இன்னும் காரியம் முடியலை. தீட்டுக்காரன் கையால் உடைச்சா உன் வண்டிக்குத்தான் ஆகாது. போ, டிரைவரையே உடைக்கச் சொல்லு. கற்பூரத்தைக் கொஞ்சமா வை.

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீங்க? சித்தி மகன் திருச்சியில் இருக்கான், நல்லாத்தான் இருக்கான். வாய்க்கு வந்தது, சொன்னேன். அந்த டவுன் பஸ் எவ்வளவு பக்கத்தில் நிக்குது பாருங்க. அத்தனை பெரிய கண்ணாடி. என் கையில் காயைக் கொடுத்தா நான் சும்மா இருப்பேனா? பாவம், அந்தப் பஸ்ஸில் பிள்ளைகுட்டியோட உட்கார்ந்திருக்காங்க. அதுக்காகத்தான் வேண்டாம்னேன்.

அதோ, சுத்துறான். மூணு சுத்து. மறுபக்கமும் மூணு. ஓங்கிட்டான்.

சீ, நடு ரோட்டில் போடுறான். நடு ரோட்டில் போடுறதுக்கு எதுக்குத் தம்பி கை?